பலகையை வேகவைத்த ஞாயிறு

அத்தியாயம் 9

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெய்லரம்மா படகு கட்டப் போகிறாள்.

ஆமாம், முப்பது வருஷமாகச் சட்டையும் ஜாக்கெட்டும் வெட்டிக்கொண்டிருந்த அதே டெய்லரம்மாதான். அவள் மகளுக்கு ஏரி நடுவில் இருக்கும் திட்டில் பறவைகளை எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது. நீளக் காலும் நிதான நடையுமாக இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கொக்கு என்றுதான் பெயர். திட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மோட்டார் லாஞ்சை நிறுத்திவிட்டார்கள். சொந்தப் படகு இருந்தால் வேலைக்கு வா, இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கொக்கு எங்கிருந்தோ ஒரு படகு வரைபடத்தைத் தேடிப் பிடித்து வந்தாள். ஏழே முக்கால் அடிப் படகு. பிளைவுட்டை வெட்டு, ஓரங்களில் வரிசையாகத் துளை போடு, செம்புக் கம்பியால் தைத்துச் சேர், தையலின் மேல் பசை பூசு. இதைப் படித்ததும் டெய்லரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது என் வேலையில்ல?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. கொக்கு பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள், புதன்கிழமைதான் வருவாள். அதற்குள் படகின் எல்லாப் பாகங்களும் பழுப்புத் தாளில் மாதிரி வெட்டப்பட்டுத் தையல் அறையில் சட்டைகளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

இனி பலகை வாங்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வம்பு.

பிளைவுட்டைக் கட்டிலிலும் அலமாரியிலும் பார்த்திருந்தாளே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று டெய்லரம்மா அதுவரை யோசித்ததில்லை. இந்த ஒரு வாரத்தில் யோசித்துத் தள்ளிவிட்டாள். மரத்தைப் பென்சில் சீவுவது போலச் சுற்றிச் சுற்றி மெல்லிசாக உரிக்கிறார்கள். ஒரு தாளின் இழை நெட்டுவாக்கில் போனால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் வைத்து, இடையில் பசை தடவி அழுத்துகிறார்கள். "நெசவுல பாவும் ஊடும் மாதிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷத்திலிருந்து பலகை அவளுக்குத் துணியாகிவிட்டது. துணி விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

கடைகளில் ஷீட்டின் விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தாள். உள்தாள்களுக்கு நடுவே சந்து இருக்கிறதா என்று டார்ச் அடித்தாள். விரல் முட்டியால் தட்டித் தட்டி, எங்கே சத்தம் மாறுகிறது என்று காது வைத்துக் கேட்டாள். ஒரு கடைக்காரர் அவளுக்கு நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு, மற்ற வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆனால் பசை நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 'வாட்டர்புரூஃப்' என்று குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். தெரிந்துகொள்ள வரைபடத்தோடு வந்த குறிப்பு ஒரே வழியைத்தான் சொன்னது. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடு, ஐந்து மணி நேரம் கழித்து எடுத்துப் பார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, டெய்லரம்மாவின் அடுப்பில் இருந்த பெரிய பாத்திரத்தில் இரண்டு பலகைத் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னைக்கு என்ன சமையல்?"

"பலகை."

"உப்பு போட்டியா?"

"வேணும்னா நீங்களே போட்டுக்கோங்க."

சிரித்தார். ஆனால் மூடியை உடனே மூடவில்லை. உள்ளே இரண்டு சதுரங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு துண்டு அவர் மாதிரிக்கு வாங்கி வந்த பலகையில் வெட்டியது. பெரிய கடை, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகடு ஆறு பேர் என்று சொன்னால் ஆறு பேர்தான் என்று நம்பிப் பிழைப்பவர் அவர். அவருக்குச் சான்றிதழைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதைப் பார்க்கத் தோன்றாது.

இன்னொரு துண்டு அவருடைய தம்பி கடையிலிருந்து வந்தது.

அந்தத் தம்பியோடு அவருக்கு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சின்னப் பிளைவுட் கடை வைத்திருக்கும் தம்பி, அண்ணன் வீட்டுச் சமையலறைக்கு ஆசையாக ஒரு அலமாரி செய்து கொடுத்தான். ஒரே மழைக்காலத்தில் அது ஊதிப்போய்க் கதவு மூடாமல் நின்றது. அண்ணன் நேராகக் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நடுவில் நின்றுகொண்டு, "அண்ணன் தலையிலயே குப்பையக் கட்டிட்டியே, மத்தவங்க கதி என்ன?" என்று கேட்டுவிட்டார். "எனக்குச் சரக்குப் போட்டவர் சொன்னத நான் நம்பினேன் அண்ணா" என்று தம்பி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து அவர் வாயில் 'தம்பி' என்ற சொல்லே வருவதில்லை. 'உன் கொழுந்தன்' என்றுதான் பேச்சு. கூடப் பிறந்தவன் ஒரே நாளில் டெய்லரம்மாவுக்கு மட்டும் சொந்தமாகிவிட்டான்.

போன வியாழக்கிழமை ஓரகத்திதான், அதாவது அந்தத் தம்பியின் மனைவி, பழைய போர்வையில் ஒரு துண்டுப் பலகையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "படகு கட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம் அக்கா. இதைப் பாருங்கன்னு அவர் குடுத்தனுப்பினாரு" என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய மூலை வெட்டுப்பட்டிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு லிஃப்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "உன் கொழுந்தன் பலகையில என் பொண்ணு ஏற மாட்டா."

"உங்க பெரிய கடைப் பலகையிலயும் சும்மா ஏற மாட்டா. ரெண்டையும் வேக வெச்சுப் பாப்போம். எது தாங்குதோ அதுதான்."

இதற்கு அவர் ஒத்துக்கொண்டார். தம்பியின் பலகை பிரிந்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை என்பதும் ஒரு காரணம்.

காலை முழுக்க வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் அவருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் மூடியைத் தூக்கினார். டெய்லரம்மா ஒரு காலருக்கு விறைப்புக் கேன்வாஸ் வைத்துவிட்டு எழுந்து வந்தாள், அடுத்த காலருக்கு முன்னால் இன்னொரு தரம் எழுந்து வந்தாள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. வீடு முழுக்கத் தச்சுப்பட்டறை வாசனை.

அவளுக்குள் ஆர்வம் இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. தம்பி பலகை பிரிந்தால் சகோதரர்கள் இருவரும் இந்த ஜென்மத்தில் பேசப் போவதில்லை. அவர் பலகை பிரிந்தால், நாலு வருஷமாக நிமிர்த்தி வைத்திருந்த தலையை அவர் எப்படித் தாழ்த்துவார் என்று தெரியவில்லை. எப்படியானாலும், இந்த இரண்டில் ஒன்றைத்தான் நடு ஏரியில் தன் மகளுக்குக் கீழே அவள் போட வேண்டும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தாள். இடுக்கியால் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

ஒன்று போட்டபடியே இருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. மற்றது நனைந்த நோட்டுப் புத்தகம் போல விரிந்துகொண்டது. ஐந்து தாள்களும் ஐந்து திசையைப் பார்த்தன. மேல்தாளைத் தொட்டதும் அது தனியாகக் கையோடு வந்துவிட்டது.

பசை என்று நம்பி என்னவெல்லாம் வாங்கியிருக்கிறோம் என்று அவள் மனசு வீட்டுச் சாமான்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் அவர். "உன் கொழுந்தன் சரக்கு."

"இருங்க. நம்பரைப் பாப்போம்."

காலையில் வெட்டியதுமே அவருடையதில் ஒன்று, தம்பியுடையதில் இரண்டு என்று எழுதித்தான் போட்டிருந்தாள். இப்போது புரட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த துண்டைப் புரட்டினாள். இரண்டிலும் ஒன்றுமே இல்லை.

டெய்லரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குப் பக்கத்தில் இருந்த எழுதுகோலை எடுத்து எழுதியிருந்தாள். அவள் கைக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக இருப்பது டெய்லர் சாக்பீஸ்தான்.

"சாக்பீஸா?" என்றார் அவர். "சாக்பீஸ்ல எழுதிட்டுக் கொதிக்கிற தண்ணியிலயா போட்ட?"

"அழியறதுக்குத்தான் அந்த சாக்பீஸே. துணியில மார்க் தங்கிட்டா கஸ்டமர் என்னைச் சும்மா விடுவாங்களா?"

"ரெண்டு பாத்திரமாவது வெச்சிருக்கலாம்ல."

"இதை நீங்க காலையில சொல்லியிருக்கலாம்ல."

பழுப்புத் தண்ணீர் இரண்டு துண்டையும் ஒரே நிறமாக்கியிருந்தது. இரண்டும் ஐந்து தாள், இரண்டும் ஒரே கனம். எது யாருடையது என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியாத இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தட்டில் கிடந்தன, ஒன்று உருக்குலைந்து போயிருந்தது என்பதைத் தவிர.

"இதுல என்ன குழப்பம்?" அவர் சட்டையை மாட்ட ஆரம்பித்துவிட்டார். "பிரிஞ்சது யாரோடதுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பெரிய கடை ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி வரைக்கும்தான். நான் போய் மூணு ஷீட் எடுத்துப் போடச் சொல்லிட்டு வந்துடறேன்."

"தெரியாம வாங்கக் கூடாதுங்க."

"தெரியாமயா? அந்த அலமாரியை மறந்துட்டியா?"

"அலமாரி ஊதிச்சுன்னா கதவு மூடாது, அவ்வளவுதான். இது பிரிஞ்சா நம்ம பொண்ணு தண்ணிக்குள்ள நிப்பா." பிரிந்த தாள்களை அவள் ஒன்றாக அடுக்கினாள். "எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

தட்டை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குள் போய்விட்டாள்.

வெட்டும் மேஜையின் மேல் இரண்டு தாய்ப் பலகைகளும் கிடந்தன. ஒன்று பெரிய கடையின் பிளாஸ்டிக் பையோடு, மற்றது ஓரகத்தியின் போர்வை மேல். இரண்டிலிருந்தும் நுனியில் நாலு அங்குலம் ரம்பத்தால் அறுத்த இடம் பளிச்சென்று தெரிந்தது. அவள் விளக்கைப் போட்டுவிட்டு, அந்த அறுத்த விளிம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோடு போட்ட சட்டைக்குப் பை வைக்கும்போது என்ன செய்வோம்? பையை உடம்புத் துணியின் மேல் வைத்து, கோடும் கோடும் ஒன்றாகும் வரை நகர்த்துவோம். ஒரு நூல் விலகினாலும் பார்க்கிற கண்ணுக்குத் தெரிந்துவிடும். மரத்துக்கும் இழை உண்டு. ரம்பம் நடுவில் புகுந்து போனாலும், அந்தப் பக்கம் போன கோடு இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே?

உடையாத துண்டை எடுத்துப் பெரிய கடைப் பலகையின் விளிம்போடு சேர்த்தாள். இழைகள் முட்டி நின்றன. திருப்பி வைத்தாள், கவிழ்த்து வைத்தாள். எந்தப் பக்கத்திலும் ஒட்டவில்லை.

போர்வைப் பலகையோடு சேர்த்தாள். நாலாவது திருப்பலில், ஒரு கருப்பு இழை பலகையிலிருந்து கிளம்பி, அறுத்த இடத்தைத் தாண்டி, துண்டுக்குள் புகுந்து மறு ஓரம் வரை தடையில்லாமல் ஓடியது. அதை ஒட்டி இருந்த வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திக்கொண்டன.

பிரிந்த துண்டின் மேல்தாளை அயர்ன் பாக்ஸால் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கி, பெரிய கடைப் பலகையோடு வைத்தாள். அதுவும் பொருந்திவிட்டது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவர் கையில் வண்டிச் சாவியோடு வந்தார். அவள் விளக்கை நகர்த்திக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தானே துண்டுகளை எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அவர் தொழிலும் இடுக்கு பார்க்கிற தொழில்தான். லிஃப்ட் கதவு இரண்டும் நடுவில் சரியாகச் சேர்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கடிகாரத்தில் பன்னிரண்டரை.

"சான்றிதழெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்" என்றார்.

"ம்."

"நாலு வருஷம்."

ஜெயித்ததைப் போல அவளுக்கு இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு அவர் கேட்டார். "தம்பி கடை இன்னைக்குத் திறந்திருக்குமா?"

'தம்பி' என்ற அந்தச் சொல்லை டெய்லரம்மா கவனித்தாள். "ஸ்டாக் எடுக்க ஞாயித்துக்கிழமை வருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அவர் ஏதோ முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று புரிந்தது. இரண்டு சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்கள். இரு பக்கமும் சுவரோடு ஷீட்டுகள் நின்றன, நடுவே ஒரு ஆள் போகிற வழி. தம்பி ஏணியில் நின்று எண்ணிச் சொல்ல, ஓரகத்தி கீழே நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் தம்பி எண்ணிக்கையை விட்டுவிட்டான். ஏணியிலிருந்து இறங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாங்க அண்ணா. வாங்க அண்ணி" என்றான். துணியால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அண்ணன் உட்காரவில்லை. பையிலிருந்து அந்தச் சதுரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அஞ்சு மணி நேரம் கொதிச்சது. ஒண்ணும் ஆகலை." ஒரு தரம் மென்று விழுங்கிக்கொண்டார். "நான் பெரிய கடையில வாங்கினது பிரிஞ்சு போச்சு. நீ குடுத்தனுப்பினது நின்னுச்சு. அன்னைக்கு நான் நாலு பேர் முன்னாடி பேசினது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நாலு வருஷமாகத் தம்பி காத்திருந்த வார்த்தை அது. அவன் கண் கலங்கிவிட்டதை டெய்லரம்மா பார்த்தாள். கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்பது போல அந்தத் துண்டை எடுத்தான். புரட்டினான். விளிம்பை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தான். நகத்தால் கீறினான். வெளிச்சத்துக்காக ஷட்டர் பக்கம் நகர்ந்து போய் இன்னொரு தரம் பார்த்தான்.

ஓரகத்தி நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

அந்த இடத்தில் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். அண்ணன் தோளில் கை போட்டிருப்பார், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், நானும் இந்தக் கதையை இதோடு நிறுத்திக்கொண்டு வேறு கதைக்குப் போயிருப்பேன்.

"அண்ணா" என்றான் அவன். "இது என் கடைச் சரக்கு இல்ல."

"என்ன சொல்ற?"

"இந்த மரம் நான் வாங்கறதே இல்ல. நான் எதையும் குடுத்தனுப்பவும் இல்ல. நீங்க படகு கட்டறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

லிஃப்டுக்காரர் தம்பியையே பார்த்தார். நாணயம் இல்லாதவன் என்று நாலு வருஷம் ஒதுக்கி வைத்திருந்த ஆள், கையில் வந்து விழுந்த நல்ல பெயரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான்.

டெய்லரம்மா ஓரகத்தியைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"நான்தான் வாங்கினேன்" என்றாள் ஓரகத்தி. "ரெண்டு பஸ் மாறிப் போய், படகு கட்டற பட்டறையில வாங்கினேன். மூணு ஷீட்டு பின்னால கொட்டகையில இருக்கு. அக்கா ஆர்டர் குடுத்தா நம்ம சரக்குன்னு சொல்லி அதை ஏத்திவிடலாம்னு நினைச்சேன். அப்படியாவது நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்கன்னு."

"ஏன்?" என்றான் தம்பி. கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "நம்ம கடையில பலகை இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம்?"

ஓரகத்தி அவனைப் பார்க்கவில்லை. சுவரோடு நின்ற ஷீட்டுகளைப் பார்த்தாள்.

"அதுல நம்ம கொக்கு ஏறப் போறான்னு சொன்னாங்க."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தம்பியின் முகத்தில் ஓடியதை டெய்லரம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரோ சொன்னதை நம்பி வாங்கி, அதே நம்பிக்கையோடு விற்று வந்தவன். கூடவே உட்கார்ந்து நோட்டில் எழுதி வந்தவள் எத்தனை நாளாக நம்பாமல் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

அவன் மேஜைக்கு அடியிலிருந்து ரம்பத்தை எடுத்தான். சுவரோரம் முதலில் நின்ற ஷீட்டை, தன் கடையிலேயே உசத்தி என்று அவன் எல்லோருக்கும் காட்டுகிற ஷீட்டை, தனியாளாக இழுத்துச் சாய்த்தான். அண்ணன் போய் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததை அவன் கவனித்தானா என்று தெரியவில்லை.

மூலையில் ஒரு சதுரம் அறுந்து கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு, டெய்லரம்மாவிடம் நீட்டினான்.

"எத்தனை மணி நேரம் வேகணும் அண்ணி?"